பதினாறு வயதில் போட்ட சண்டை பேக்ரவுண்ட் செக்கில் தெரியுமா?

வேலைக்குச் சேருகிறவர்களின் பின்னணியைச் சரிபார்க்கும் தொழிலில் இருக்கிறேன். நிறுவனங்களிடமிருந்து வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். வேலை கிடைத்தவர் யாரிடமோ என் எண்ணை வாங்கி, தயங்கித் தயங்கிக் கேட்பதுதான் மனதில் நிற்கும். "சார், பிளஸ் ஒன் படிக்கும்போது ஒரு அடிதடி கேஸ். அப்பவே முடிஞ்சுபோச்சு. இப்போ ரிப்போர்ட்ல வருமா?"

பெரும்பாலும் வராது. ஆனால் நான் பதில் சொல்வதற்கு முன் ஒன்று கேட்பேன்: "படிவத்தில் என்ன எழுதிக் கொடுத்தீர்கள்?"

நாங்கள் எங்கே தேடுகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். போலீஸ் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துவிடுவோம் என்று பலர் நினைக்கிறார்கள். அது முடியாது. காவல்துறையிடம் முறைப்படி விண்ணப்பித்துச் சான்று வாங்கலாம், அவ்வளவுதான். எங்கள் அன்றாட வேலை நீதிமன்றப் பதிவுகளில் நடக்கிறது. இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைப் போட்டால் வழக்குகள் வரிசையாக வந்து நிற்கும். பதினெட்டு வயது தாண்டியவர் மீதான வழக்கு இங்கேதான் அகப்படும். விடுதலையானாலும் வழக்கு எண் அங்கேயே கிடக்கும். "நான்தான் விடுதலை ஆகிட்டேனே!" என்று அதிர்ச்சியடைகிறவர்கள் நிறைய பேர். தீர்ப்பு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களிடம் சொல்வேன்.

இதில் இன்னொரு தொல்லை, பெயர்க் குழப்பம். குடும்பப் பெயர் இல்லாமல் இனிஷியலோடு வாழும் நம்மவர்களுக்கு இது அதிகம். ஒருமுறை பெயர், தந்தை பெயர் இரண்டும் ஒன்றாக இருந்த வேறொருவரின் திருட்டு வழக்கை எங்கள் ஆட்களே ஓர் அப்பாவியின் கோப்பில் ஏற்றிவிட்டார்கள். வயதையும் முகவரியையும் ஒப்பிட்ட பிறகுதான் தவறு தெரிந்தது. ரிப்போர்ட்டில் தவறு இருந்தால் நகல் கேட்டு வாங்கி மறுப்பு எழுதுங்கள். வாய்மொழியாகச் சொல்வது எங்கும் பதிவாகாது.

சரி, சிறுவயது வழக்குக்கு வருவோம். இந்தியாவில் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. அதன் 24-ஆம் பிரிவின்படி, அந்தச் சட்டத்தின் கீழ் வழக்கை எதிர்கொண்ட சிறுவருக்கு, தண்டனை பெற்றவருக்கு வரும் தகுதியிழப்பு எதுவும் வராது. மேல்முறையீட்டுக் காலம் போன்றவை முடிந்ததும் ஆவணங்களை அழித்துவிட வேண்டும். முடிந்துபோன வழக்கின் விவரத்தை நன்னடத்தைச் சான்றிதழுக்காகக்கூட போலீஸ் வெளியிடக் கூடாது என்கிறது 74-ஆம் பிரிவு. சிறுவர்கள் விஷயத்தில் 'குற்றவாளி', 'கைது' மாதிரியான சொற்களையே தவிர்க்கப் பார்க்கும் சட்டம் இது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. பதினாறு வயது நிறைந்தவர் மிகக் கொடிய குற்றத்தில் சிக்கி, குழந்தைகள் நீதிமன்றம் அவரைப் பெரியவராகவே விசாரித்துக் குற்றம் உறுதியானால், இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

சட்டம் இவ்வளவு சொல்லியும் ஆட்கள் மாட்டுவது படிவத்தில்தான். 'தண்டிக்கப்பட்டதுண்டா', 'கைது செய்யப்பட்டதுண்டா', 'வழக்கு நிலுவையில் உள்ளதா' என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். அவசரத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடித்துவிடுகிறார்கள். பெரியவர்களான பிறகு வந்த வழக்கை மறைத்தால், வழக்கைவிட மறைத்ததுதான் பெரிய குற்றமாகப் பேசப்படும். 2016-இல் உச்ச நீதிமன்றம் இதற்கு வழிகாட்டுதல் தந்தது: தகவலை மறைத்தால் பணிநீக்கம் செய்யலாம், ஆனால் இளவயதில் நடந்த அற்ப விஷயமாக இருந்தால் நிறுவனம் அதைப் பொருட்படுத்தாமல் விடலாம். 2019-இல் வேறொரு வழக்கில், சம்பவத்தின்போது மைனராக இருந்தவருக்கு எதிராக அதைப் பிடித்துக்கொள்ளக் கூடாது என்றே சொல்லிவிட்டது. என்னைக் கேட்டால், சிறுவயது வழக்கைப் பற்றிப் படிவத்தில் கேட்பதே தப்பு. ஆனாலும் கேட்கிறார்கள்.

வெளிநாடு போகிறவர்கள் இந்த விதிகளை அங்கே கொண்டுபோக முடியாது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் சிறுவயதுப் பதிவு, பிறர் பார்க்க முடியாதபடி தானாக மூடப்படுவதில்லை, மனுப் போட வேண்டும். அங்கே தனியார் சரிபார்ப்பு நிறுவனங்கள் தண்டனையில் முடியாத கைதை ஏழு ஆண்டுக்கு மேல் ரிப்போர்ட்டில் காட்டக் கூடாது என்பது பொதுவிதி. தண்டனைக்கு அந்த நாட்டின் மத்தியச் சட்டத்தில் அப்படி வரம்பில்லை. ரிப்போர்ட்டைக் காரணம் காட்டி நிராகரிக்கும் முன் அதன் நகலை உங்களுக்குத் தந்தாக வேண்டும். இங்கிலாந்தில் 2020 நவம்பருக்குப் பிறகு, சிறுவயதில் வாங்கிய போலீஸ் எச்சரிக்கைகள், வேலைக்காக வாங்கும் குற்றப்பின்னணிச் சான்றிதழில் தானாக வருவதில்லை.

விசா படிவம் இன்னும் கறார். அமெரிக்காவின் டி.எஸ்.-160, எப்போதாவது கைதானதுண்டா என்று கேட்கிறது. மன்னிப்புக் கிடைத்திருந்தாலும் சொல்லச் சொல்கிறது. வேலைக்கு 'இல்லை' என்று எழுதியது சரியாக இருந்தாலும், அதே பதிலை அங்கே நகலெடுத்துப் போடாதீர்கள். வக்கீலிடம் காட்டிவிட்டு நிரப்புங்கள்.

பிளஸ் ஒன் அடிதடி கேஸைச் சொல்லி போன் செய்த பையன் படிவத்தின் படத்தை அனுப்பினார். 'நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா?' என்று மட்டும்தான் அதில் இருந்தது. இல்லை என்று எழுதியிருந்தார். சரியாகத்தான் எழுதியிருந்தார்.