அனல் காற்று அல்ல, எழுகாற்று

"கழுகுகள் அனல் காற்றைப் பயன்படுத்திக் கண்டம் விட்டுக் கண்டம் வலசை போகின்றன." தமிழில் குரல் கொடுத்த ஒரு விலங்கு நிகழ்ச்சியில் போன வாரம் மறுபடியும் இந்த வாக்கியம் காதில் விழுந்தது. நாளிதழ்த் துணுக்குகளிலும் குழந்தைகளுக்கான அறிவியல் கட்டுரைகளிலும் இதே பிழைதான். இனியும் பொறுக்க முடியாததால் எழுதுகிறேன்.

பிழை 'அனல் காற்று' என்ற சொல்லில். அதன் ஆங்கில மூலச்சொல் 'தெர்மல்'. வெப்பத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது; தெர்மாமீட்டரும் தெர்மாஸும் அதன் உறவுகள். வெப்பம் சார்ந்த எதற்கும் அடைமொழியாக இருந்த சொல்லை, இஞ்சின் இல்லாத கிளைடர் ஓட்டிகள் ஒரு பொருளின் பெயராக்கினார்கள். வெயிலில் சூடான தரையை ஒட்டிய காற்று, பக்கத்துக் காற்றைவிட லேசாகித் தூண்போல மேலே கிளம்புகிறதே, அந்தத் தூணின் பெயர் அது. பறவையியலிலும் அதே பெயர் நிலைத்துவிட்டது.

'அனல்' எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்பது வடசென்னைக்காரர்களுக்குத் தெரியும். எண்ணூரிலும் அத்திப்பட்டிலும் அனல்மின் நிலையம் என்ற பலகையைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அங்கே அந்தச் சொல் சரி. கொதிகலனுக்குள் நிலக்கரி எரிகிறது, அனல் என்றால் நெருப்பு. ஆனால் கழுகுக்குக் கீழே எதுவும் எரியவில்லை. அதைத் தூக்கும் காற்று சுற்றிலும் உள்ளதைவிடச் சற்றே சூடு, அவ்வளவுதான். மேலே போகப் போக அதுவும் ஆறிவிடும்.

இதைவிடப் பெரிய கேடு, 'அனல் காற்று' ஏற்கெனவே வேறொன்றின் பெயர். மே மாதம் பிறந்தால் 'அனல் காற்று வீசும், மதியம் வெளியே வராதீர்கள்' என்று வானிலைச் செய்தி எச்சரிக்கிறது. அது முகத்தில் அறைவது, கிடையாக வீசுவது. தெர்மல் செங்குத்தாக மேலே போவது. சூட்டின் அளவும் தவறு, திசையும் தவறு.

வார்த்தை தவறினால் விஷயமே புரியாமல் போகும் என்பதற்கு ஸ்டெப்பிக் கழுகு சாட்சி. ரஷ்யா, கஜகஸ்தான் புல்வெளிகளில் கூடு கட்டும் இந்தக் கழுகுகளில் பல, குளிர்காலத்துக்கு அரேபியா தாண்டி ஆப்பிரிக்கா போகின்றன. போகும்போது செங்கடலின் தென்கோடியில் பாப் எல் மாண்டெப் நீரிணையில் கடக்கின்றன. திரும்பும்போது வடகோடிக்குப் போய்ச் சூயஸ், சினாய் வழியாக வருகின்றன. நடுவில் கடலைக் குறுக்கே வெட்டினால் எவ்வளவோ தூரம் மிச்சம். அவை வெட்டுவதில்லை. அனல் காற்றுதான் தேவையென்றால் செங்கடல் மேல் அதற்குப் பஞ்சமா? அங்கே இல்லாதது, பாரமான பறவையைத் தூக்கும் அளவுக்கு வலுவாய் எழும் காற்று. வெயில் பட்டால் தரை சட்டெனச் சூடேறும், தண்ணீர் ஏறாது. மத்தியதரைக் கடலைச் சுற்றும் கூட்டங்கள் 14 கிலோமீட்டர் அகலமே உள்ள ஜிப்ரால்டர் நீரிணையில் குவிவதும், கருங்கடலோரம் ஜார்ஜியாவின் பதூமி வழியே ஓர் இலையுதிர் காலத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வேட்டைப் பறவைகள் போவதும் இதே காரணத்தால்தான். 'அனல் காற்று' என்று படித்த பிள்ளைக்கு இந்த வரைபடத்தின் ஒரு வளைவுகூட விளங்காது.

சரி, 'வெப்பச்சலனம்' இருக்கிறதே என்கிறார்கள். சலனம் வடசொல் என்பதற்காக நான் அதைத் தள்ளவில்லை. மழைச் செய்தி கேட்கும் எல்லோருக்கும் தெரிந்த சொல் அது, இருக்கட்டும். ஆனால் அது நிகழ்வின் பெயர். உலையில் கொதிக்கும் தண்ணீருக்கும் சாயங்கால இடிமழைக்கும் பொது. நமக்கு வேண்டியது பொருளின் பெயர். கழுகு ஒன்றுக்குள் நுழைகிறது, உச்சிவரை வட்டமிடுகிறது, அதை விட்டு அடுத்ததை நோக்கிச் சறுக்குகிறது. 'ஒரு வெப்பச்சலனத்திலிருந்து இன்னொரு வெப்பச்சலனத்துக்கு' என்று சொல்லிப் பாருங்கள், நாக்கே ஒப்பாது. 'வெப்ப நீரோட்டம்' என்று எழுதுபவர்களும் உண்டு. ஆகாயத்தில் நீர் எங்கே ஓடுகிறது? 'வெப்ப நெடுவரிசை' என்றும் அச்சில் பார்த்துவிட்டேன். அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்து ஒட்டுவதை மொழிபெயர்ப்பு என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. பறவையை ஒரு நாள் அண்ணாந்து பார்த்திருந்தால் இந்தச் சொற்கள் பிறந்திருக்காது.

பார்ப்பதற்கு ஜிப்ரால்டர் போக வேண்டாம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடிகாலையில் பருந்துகள் படகுக் கம்பங்களில் உட்கார்ந்திருக்கும். ஏலம் நடக்கும் இடத்துக்கு மேலே படபடவென்று சிறகடித்துக் கழிவைப் பொறுக்கும். பத்து மணிக்கு மேல் தகரக் கூரைகள் சுட ஆரம்பித்ததும் ஒன்று கூரைக்கு நேர் மேலே வந்து சிறகடிப்பதை நிறுத்தும். வாலை மட்டும் இப்படியும் அப்படியும் திருப்பும். சுற்றுக்குச் சுற்று உயரம் கூடும். சிறிது நேரத்தில் மற்றவையும் அதே இடத்துக்கு வந்து சேரும். "நெலம் சூடாவணும்ணா, அப்பத்தான் பருந்து மேல ஏறும்" என்று வலை பின்னிக்கொண்டிருந்த தம்பி சொன்னார். வலசை போகும் கழுகும் இதே நேரக்கணக்கில்தான் காலையில் தாமதமாகக் கிளம்பி, வெயில் தாழ்ந்ததும் இறங்குகிறது. பெரிய உடம்பைச் சிறகடித்தே தூக்குவது கட்டுப்படியாகாது. தென் அமெரிக்காவின் ஆண்டியன் காண்டோர் என்ற பெரிய பிணந்தின்னிப் பறவை ஒன்று ஒரு தடவைகூடச் சிறகடிக்காமல் 5 மணி நேரத்துக்கு மேல், சுமார் 172 கிலோமீட்டர் பறந்ததை 2020இல் வெளியான ஆய்வு பதிவு செய்திருக்கிறது.

அந்தத் தம்பி சொன்னதை வைத்து 'ஏறுகாற்று' எனலாமா? நான் 'எழுகாற்று' என்பேன். புகை எழும், அலை எழும், ஞாயிறு எழும். தானாய் மேலே வருவதற்குத் தமிழ் அந்த வினையைத்தான் வைத்திருக்கிறது. காற்று எழுகிறது, பருந்து அதில் ஏறுகிறது. எழுந்த, எழுகின்ற, எழும் என்று மூன்று காலத்தையும் உள்ளடக்கிய வினைத்தொகை என்பதால் விளக்கவுரை இல்லாமலே புரியும்.

மலைச்சரிவில் மோதி மேலே திரும்பும் காற்றையும் கழுகுகள் பிடிக்கும், அதற்கு வெயில் தேவையில்லை. இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் அதைச் 'சரிவு எழுகாற்று' என்றும் தெர்மலை 'வெப்ப எழுகாற்று' என்றும் எழுதலாம். அப்படியே 'எல்லா வேட்டைப் பறவைகளும் இந்தக் காற்றை நம்பித்தான் வலசை போகின்றன' என்பது போன்ற வாக்கியத்தையும் திருத்திவிடுங்கள். பழவேற்காட்டுக்கு வரும் வேட்டைப் பறவைகளான விராலடிப்பானும் பூனைப்பருந்தும் எழுகாற்று கிடைத்தால் ஏறிக்கொள்ளும். கிடைக்காவிட்டால் சிறகடித்தே கடலைத் தாண்டும்.