ஒர்க்ஸ்டேஷன் கொட்டேஷனைக் கீழிருந்து படியுங்கள்

ஒர்க்ஸ்டேஷன்களை, அதாவது வடிவமைப்பு, சிமுலேஷன் மாதிரியான கனமான வேலைக்கான கம்ப்யூட்டர்களை, அசெம்பிள் செய்து கொடுப்பதும், மற்றவர்கள் செய்தது படுத்துவிட்டால் சரிபார்ப்பதும் என் வேலை. கொட்டேஷனைக் காட்டி "இது போதுமா?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மேலே இருக்கும் இரண்டு வரிகளைத்தான் பார்த்திருப்பார்கள்: எத்தனை கோர் (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி), என்ன கிராபிக்ஸ் கார்டு. நான் கீழிருந்து படிப்பேன். ராம் எந்த வகை, எத்தனை துண்டு, கார்டு ஸ்லாட்டுகளுக்கு எத்தனை லேன் (தரவுப் பாதை), பவர் சப்ளை எவ்வளவு, சூடு எந்த வழியாக வெளியே போகிறது. நல்ல கேமிங் கம்ப்யூட்டருக்கும் ஒர்க்ஸ்டேஷனுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அந்தக் கீழ் வரிகளில்தான் இருக்கிறது.

முதலில் ராம். சாதாரண ராமில் 0 இருந்த இடத்தில் 1 என்று ஒரு பிட் தானாகப் புரண்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. காரணம் விண்வெளியிலிருந்து வரும் துகளாக இருக்கலாம், மெல்லக் கெட்டுக்கொண்டிருக்கும் சிப்பாகவும் இருக்கலாம். அதனால் புரோகிராம் கிராஷ் ஆனால் அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். கிராஷ் ஆகாமல், தப்பான எண்ணை வைத்துக்கொண்டு வேலை தொடர்ந்தால்தான் ஆபத்து. 2003-ல் பெல்ஜியத்தின் ஸ்கார்பீக் பகுதியில் நடந்த மின்னணு வாக்குப்பதிவில் ஒரு வேட்பாளருக்கு 4096 வாக்குகள் கூடுதலாக விழுந்தன. வாங்கவே முடியாத அளவுக்கு வாக்குகள் வந்ததால்தான் பிடிபட்டது. 4096 என்பது 2-இன் 12-ஆம் அடுக்கு, அதாவது ஒரே ஒரு பிட் மாறினால் வரும் வித்தியாசம். மென்பொருளில் பிழை எதுவும் கிடைக்காததால், பிட் தானாகப் புரண்டிருக்கலாம் என்றுதான் விளக்கம் சொன்னார்கள். இது அபூர்வ சம்பவம் என்று நினைத்தால், கூகுள் தன் சர்வர்களில் பார்த்து 2009-ல் வெளியான ஆய்வைச் சொல்ல வேண்டும். ஓராண்டில் 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட ராம் துண்டுகளில் பிழை பதிவாகியிருந்தது.

இதற்குத்தான் ஈசிசி ராம், அதாவது பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்தும் ராம். ராமின் முந்தைய தலைமுறையான டிடிஆர்4 வரை கணக்கு எளிது. 64 பிட் தரவுக்குத் துணையாக 8 பிட் கூடுதலாகப் போகும். ஒரு பிட் தவறினால் அங்கேயே திருத்திவிடும். இரண்டு பிட் தவறினால் திருத்த முடியாது, ஆனால் தவறு என்று சொல்லிவிடும். திருத்துவதைவிட எனக்குப் பயன்படுவது அது எழுதி வைக்கும் பதிவுதான். எந்தத் துண்டில் பிழை அடிக்கடி வருகிறது என்று லாகில் தெரிந்துவிடும், முழுசாகக் கெடுவதற்கு முன்பே மாற்றிவிடலாம். ஒரு வடிவமைப்பு அலுவலகத்தில் அதே மாடலை இரண்டு முறை ஓட்டினால் இரண்டு விடை வந்தது. சாஃப்ட்வேரையும் மாடலையும் வாரக்கணக்கில் சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்தார்கள். கடைசியில் ஈசிசி இல்லாத ஒரு ராம் துண்டுதான் வில்லன். அந்த இடைவெளியில் வெளியே போன கணக்குகளை எல்லாம் திரும்பப் பார்க்க வேண்டியதாயிற்று.

இங்கே ஒரு குழப்பத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விற்பவர்களே இதில் தடுமாறுகிறார்கள். "டிடிஆர்5 என்றாலே ஈசிசி உள்ளேயே இருக்கிறது" என்பார்கள். டிடிஆர்5 சிப்புக்குள் ஒரு திருத்தும் வசதி உண்டு, உண்மைதான். ஆனால் அது சிப்பின் உள்ளே நடக்கும் பிழைக்கு மட்டும். சிப்பிலிருந்து பிராசஸர் வரை தரவு வரும் வழியில் நடப்பதை அது கவனிக்காது, திருத்தியதை ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் சொல்வதும் இல்லை. முழு ஈசிசி வேண்டுமென்றால் ராம், பிராசஸர், மதர்போர்டு மூன்றும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். அப்புறம் ரெஜிஸ்டர்டு ராம், அன்பஃபர்டு ராம் என்று இரண்டு வகை இருக்கிறது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட முடியாது. வாங்கிய பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்கள் நிறையப் பேர்.

அடுத்தது மெமரி சேனல், அதாவது ராமும் பிராசஸரும் தரவைப் பரிமாறும் பாதை. வீட்டுக் கம்ப்யூட்டரில் இரண்டு சேனல். ஒர்க்ஸ்டேஷன் பிராசஸர்களான இன்டெலின் ஜியான் டபிள்யு-3400, ஏஎம்டியின் த்ரெட்ரிப்பர் ப்ரோ 7000 இரண்டிலும் எட்டு. டிடிஆர்5-4800 ராமில் ஒரு சேனல் விநாடிக்கு 38.4 ஜிபி தரும், எட்டையும் நிரப்பினால் 307.2 ஜிபி. ஆனால் கொட்டேஷனில் அடிக்கடி பார்ப்பது "128 ஜிபி, 64 ஜிபி துண்டு இரண்டு". பின்னால் கூட்டிக்கொள்ளலாம் என்ற நல்ல எண்ணம்தான். விளைவு, எட்டில் இரண்டு சேனல் மட்டும் வேலை செய்கிறது, வேகம் கால்வாசி. அதே 128-ஐ 16 ஜிபி துண்டு எட்டாக வாங்கியிருக்கலாம். காற்றோட்டம், நீரோட்டம் மாதிரியான சிமுலேஷன்கள் ராம் வேகத்தைத்தான் தின்னும். அங்கே கோரைக் கூட்டிவிட்டு சேனலைக் காலியாக விட்டால், கோர்கள் தரவுக்காகக் காத்துக்கொண்டு சும்மா இருக்கும்.

கோர் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், மற்ற எல்லோரும் அதைத்தான் பேசுகிறார்கள். கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967-ல் சொன்ன கணக்கு இன்னும் மாறவில்லை. வேலையில் 95 சதவீதத்தைப் பங்கு போட முடிந்தாலும், எத்தனை கோர் போட்டாலும் 20 மடங்குக்கு மேல் வேகம் கூடாது. மாடலைப் படமாக்கும் ரெண்டரிங், கோர்களை நன்றாகப் பங்கு போட்டுக்கொள்ளும். கேட் (CAD, கம்ப்யூட்டரில் பொருளை வடிவமைப்பது) மாடலிங் பெரும்பாலும் ஒரே த்ரெட்டில், அதாவது ஒரே கோரில், ஓடும். 96 கோர் உள்ள த்ரெட்ரிப்பர் ப்ரோ 7995டபிள்யுஎக்ஸின் அடிப்படை வேகம் 2.5 கிகாஹெர்ட்ஸ், 5.1 என்பது பூஸ்ட், அதாவது கொஞ்ச நேரத்துக்கு எட்டும் உச்ச வேகம். எல்லா கோரும் உழைக்கும்போது 5.1 கிடைக்காது. நாள் முழுக்க மாடலிங் மட்டும் செய்கிறவர் குறைந்த கோர், அதிக வேகம் என்று வாங்குவதே சரி. ஆப்பரேட்டிங் சிஸ்டத்தையும் பாருங்கள்: விண்டோஸ் ஹோம் பதிப்பு 128 ஜிபிக்கு மேல் ராமை எடுத்துக்கொள்ளாது.

பிசிஐஇ லேன் என்பது கார்டுகளும் எஸ்எஸ்டிகளும் பிராசஸரோடு பேசும் பாதை. ரைசன் 7000 டெஸ்க்டாப் பிராசஸரில் கார்டுகளுக்கும் எஸ்எஸ்டிக்கும் கிடைப்பது 24. இன்டெல் கோர் 14-ஆம் தலைமுறையில் 20. ஜியான் டபிள்யு-3400-ல் 112, த்ரெட்ரிப்பர் ப்ரோ 7000-ல் 128. ஒரு கிராபிக்ஸ் கார்டு முழு வேகத்தில் 16 லேன் கேட்கும். இரண்டு கார்டு, நான்கு எஸ்எஸ்டி என்றாலே 48 ஆகிவிட்டது. வீட்டு மதர்போர்டிலும் நீளமான ஸ்லாட் மூன்று இருக்கும், பார்க்க ஒரே மாதிரி இருக்கும். மேனுவலைத் திறந்தால் இரண்டாவது ஸ்லாட்டில் 4 லேன்தான் வருகிறது, எஸ்எஸ்டியைப் போட்டால் அதுவும் குறைகிறது என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். அந்தப் பக்கத்தைப் படிக்காமல் மதர்போர்டு வாங்காதீர்கள்.

கிராபிக்ஸ் கார்டில் வேகத்துக்கு முன்னால் மெமரியைப் பாருங்கள். ஜிஃபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 4090-ல் 24 ஜிபி, தொழில்முறைக் கார்டான ஆர்டிஎக்ஸ் 6000 அடாவில் 48 ஜிபி. உங்கள் காட்சி 30 ஜிபி கேட்டால், முதல் கார்டு எவ்வளவு வேகமானது என்ற கேள்விக்கே இடமில்லை. ரெண்டர் ஒன்று நின்றுவிடும் அல்லது ராமுக்குப் போய்த் தவழும். 4090 இழுப்பது 450 வாட், 6000 அடா 300 வாட். பின்னது சூட்டை நேராகக் கேபினெட்டுக்கு வெளியே தள்ளும், பக்கத்தில் இன்னொரு கார்டை வைக்கலாம். வீட்டுக் கார்டுகளில் பல, சூட்டைக் கேபினெட்டுக்குள்ளேயே விடும். அதேசமயம் தொழில்முறைக் கார்டு எல்லாவற்றிலும் மேல் என்றும் நம்ப வேண்டாம். ஒவ்வொரு எண்ணையும் இரண்டு மடங்கு பிட்டில் வைக்கும் இரட்டைத் துல்லியக் கணக்கில் இந்த இரண்டு கார்டுமே சாதாரண வேகத்தில் 64-இல் ஒரு பங்குதான் தரும். உங்கள் சிமுலேஷனுக்கு இரட்டைத் துல்லியம் வேண்டுமென்றால் அந்தச் செலவு வீண். கூடுதலாகக் கொடுப்பது மெமரிக்கும், கேட் நிறுவனங்கள் சோதித்துச் சான்று தந்த டிரைவருக்கும்தான்.

எஸ்எஸ்டி பெட்டியில் போட்டிருக்கும், விநாடிக்கு 7,000 எம்பி எழுதும் வேகம் பல மாடல்களில் தற்காலிகச் சேமிப்புப் பகுதி நிரம்பும் வரைதான். அது நிரம்பியதும், குறிப்பாக ஒரு செல்லில் நான்கு பிட் வைக்கும் க்யுஎல்சி வகையில், எழுதும் வேகம் சரிந்துவிடும். பெரிய வீடியோ ஃபைல்களை நாள்தோறும் எழுதுகிறவர்கள் தொடர்ந்து எழுதும் வேகம் எவ்வளவு என்று கேளுங்கள். கரண்ட் போனாலும் கையில் இருப்பதை எழுதி முடிக்க கெப்பாசிட்டர் வைத்த எஸ்எஸ்டிகள் உண்டு. டேட்டாபேஸ் ஓட்டுகிறவர்களுக்கு அதுதான் சரி. இரண்டு டிஸ்க்கில் ஒரே நகலை வைக்கும் ரெய்டு பேக்கப் ஆகாது: நீங்கள் ஒரு ஃபைலை அழித்தால் இரண்டிலும் அழியும்.

பவர் சப்ளைக்கு வருவோம். பிராசஸர் 350 வாட், கார்டு இரண்டுக்கு 600, மற்றவை சேர்த்து 1100-ஐத் தொடும். இதற்கு 1200 வாட் போதும் என்று கணக்குப் போடுகிறார்கள். கார்டுகள் கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவாக, தங்கள் அளவைத் தாண்டி மின்சாரத்தை இழுக்கும். பவர் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் 3.0 தரம் இதற்காகவே, 100 மைக்ரோ விநாடிக்கு இரு மடங்கு வரை தாங்கச் சொல்கிறது. நான் 1500 வாட்டுக்குக் கீழே போக மாட்டேன். 80 ப்ளஸ் தங்கம், டைட்டானியம் என்ற தரச் சான்றுகள் எல்லாம் மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்லும். மின்னழுத்தம் எவ்வளவு நிலையாக இருக்கும் என்று சொல்லாது. யுபிஎஸ் வாங்கும்போது விஏ எண்ணை விட்டுவிட்டு வாட் எண்ணைப் பாருங்கள், வீட்டு மின்சாரம் மாதிரி சீரான சைன் வேவ் தருகிறதா என்றும் கேளுங்கள்.

டெலிவரி எடுக்கும்போது இரண்டு சோதனை செய்யச் சொல்லுங்கள். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 புரோகிராமில் ஈசிசி இயங்குவதாகக் காட்டுகிறதா என்பது ஒன்று, ஏனென்றால் டாஸ்க் மேனேஜர் அதைச் சொல்லாது. பிராசஸரையும் கார்டையும் ஒரே நேரத்தில் சில மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டி, கடைசி மணியின் வேகத்தைக் குறித்துக்கொள்வது இன்னொன்று. முதல் பத்து நிமிடத்தில் எல்லா மெஷினும் வேகமாகத்தான் இருக்கும். அப்புறம், ராம் நிறையப் போட்ட மெஷினை முதல் முறை ஆன் செய்யும்போது திரை சில நிமிடம் கருப்பாகவே இருக்கும். மெமரியைச் சரிபார்த்துப் பழக்கிக்கொண்டிருக்கிறது, கெட்டுப்போகவில்லை. அவசரப்பட்டு பவர் பட்டனை அழுத்தி அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.