துப்பாக்கி உரிமை யாருக்கு? குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரின் குறிப்புகள்

அமெரிக்காவில் குடியேற்றச் சட்டத் துறையில் பணியாற்றும் எனக்கு, நாட்டில் எங்கேனும் பெரிய துப்பாக்கிச் சூடு நடந்துவிட்டால் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு: "நாங்களும் ஒரு துப்பாக்கி வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?" கேட்பவர்களில் பலர் எச்-1பி என்னும் தற்காலிக வேலை விசாவில் வந்து, கிரீன் கார்டு என்னும் நிரந்தரக் குடியிருப்பு உரிமைக்காக ஆண்டுக்கணக்கில் வரிசையில் காத்திருப்பவர்கள். 2017 பிப்ரவரியில் கான்சாஸ் மாநிலத்தின் ஒலேத்தா நகரில், ஐதராபாத்தைச் சேர்ந்த பொறியாளர் சீனிவாஸ் குச்சிபோட்லா சுட்டுக் கொல்லப்பட்டபோது இக்கேள்வியின் தொனியே மாறியது. மதுக்கூடத்தில் அமர்ந்திருந்த அவரிடமும் அவருடைய நண்பரிடமும் எந்த விசாவில் வந்திருக்கிறீர்கள் என்று கேட்டு வசைபாடிய ஒருவர், அங்கிருந்து வெளியேற்றப்பட்ட பின் துப்பாக்கியுடன் திரும்பி வந்து, "என் நாட்டை விட்டு வெளியேறு" என்று கத்தியபடி சுட்டார். கொலையாளிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆனாலும், அவர் கையில் இருந்த ஆயுதம் நம் கையிலும் இருந்தால் என்ன என்ற எண்ணம் பலருக்கு எழுந்ததில் வியப்பில்லை.

அந்த எண்ணத்துக்குச் சட்டம் தரும் பதில் கடுமையானது. குடியேற்றம் சாராத விசாவில் நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்டவர், அதாவது எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1, பி-2 போன்ற விசாக்களில் இருப்பவர், துப்பாக்கியையோ தோட்டாவையோ தம்மிடம் வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். 2022-இல் நிறைவேறிய சட்டத்துக்குப் பின் அதற்கு 15 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். செல்லத்தக்க வேட்டை உரிமம் வைத்திருப்பவர் உள்ளிட்ட சிலருக்கு விலக்கு உண்டு. ஆனால் வேட்டை உரிமத்தைப் பற்றிக் காதுவழிச் செய்தியாகக் கேட்டு, அதை எடுக்காமலேயே விலக்கு தமக்கும் பொருந்தும் என்று நம்புவோரே மிகுதி. விலைக்கு வாங்கினால்தான் குற்றம் என்பதும் தவறான புரிதல். அலுவலக நண்பர்களோடு வார இறுதியில் துப்பாக்கி சுடும் பயிற்சிக் கூடத்துக்குப் போய், வாடகைத் துப்பாக்கியை அரை மணி நேரம் கையில் எடுத்துச் சுடுவதும் சட்டத்தின் பார்வையில் வைத்திருத்தலே ஆகும். உடன் வரும் அமெரிக்க நண்பர்களுக்கு இப்படி ஒரு விதி இருப்பதே பெரும்பாலும் தெரியாது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, ஏனெனில் அவர்கள் வாழ்நாளில் அந்த விதி அவர்களைத் தொட்டதே இல்லை. அங்கே துப்பாக்கியோடு எடுத்த படத்தை நாமே இன்ஸ்டாகிராமில் ஏற்றிவிட்டால் சாட்சியம் தேடும் வேலையும் அரசுக்கு மிச்சம்.

இன்னும் இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும். கடையில் துப்பாக்கி வாங்குவோர் நிரப்பும் 4473 என்னும் படிவம் குடியுரிமையையும் விசா நிலையையும் கேட்கிறது. அதில் பொய் சொல்வது தனிக் குற்றம். கணவர் குடிமகனாகவும் மனைவி விசாவிலும் இருக்கும் வீட்டில், துப்பாக்கிப் பெட்டகத்தின் சாவியோ எண்ணோ மனைவியிடமும் இருந்தால், ஆயுதம் அவர் பெயரில் இல்லாவிட்டாலும் அது அவர் வசமும் இருந்ததாக வாதிடுவதற்கு இடம் உண்டு. துப்பாக்கி தொடர்பான தண்டனை, கிரீன் கார்டு பெற்றவரைக் கூட நாடு கடத்தப் போதுமான காரணம் என்பதையும் மறக்கலாகாது.

கிரீன் கார்டு கைக்கு வந்தபின் இத்தடை நீங்குகிறது. அப்போது எழும் கேள்வி வேறு: தாளில் கிடைத்துவிட்ட உரிமை, சாலையிலும் அதே அளவில் கிடைக்குமா? இதற்கு விடை தேட அமெரிக்க வரலாற்றைக் கொஞ்சம் புரட்டத்தான் வேண்டும்.

ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் காக்கும் அரசமைப்பின் இரண்டாம் திருத்தம் 1791-இல் ஏற்கப்பட்டது. 1857-இல் டிரெட் ஸ்காட் வழக்கில் கறுப்பினத்தவர் குடிமக்களாக முடியாது என்று தீர்ப்பெழுதிய தலைமை நீதிபதி ராஜர் டேனி, அவர்களைக் குடிமக்களாக ஏற்றால் அவர்கள் போகுமிடமெல்லாம் ஆயுதம் ஏந்தும் உரிமையும் பெற்றுவிடுவார்களே என்பதை ஒரு காரணமாகவே காட்டினார். உள்நாட்டுப் போர் முடிந்த 1865-இலேயே மிசிசிப்பி மாநிலம், விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் அனுமதி இல்லாமல் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. 1956-இல் தம் வீட்டில் குண்டு வீசப்பட்ட பின் மார்ட்டின் லூதர் கிங் துப்பாக்கி எடுத்துச் செல்ல விண்ணப்பித்தபோது அலபாமாவில் அது மறுக்கப்பட்டது. 1967-இல் ஓக்லாந்தில் கறுப்பினத்தவர் உரிமைக்காகப் போராடிய பிளாக் பேந்தர் கட்சியினர் சட்டத்துக்கு உட்பட்டே துப்பாக்கி ஏந்திக் காவல்துறையைக் கண்காணிக்கத் தொடங்கியதும், கலிபோர்னியா சட்டமன்றம் தோட்டா நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் ஏந்துவதைத் தடை செய்தது. அதில் கையெழுத்திட்டவர் அன்றைய ஆளுநர் ரொனால்ட் ரீகன். இன்று பெரும்பாலான கட்டுப்பாடுகளை எதிர்க்கும், துப்பாக்கி உரிமையாளர்களின் அமைப்பான தேசியத் துப்பாக்கிச் சங்கம் அன்று அச்சட்டத்தை ஆதரித்தது.

நியாயமாகப் பேசினால், இந்த வரலாறு துப்பாக்கி உரிமை கோருவோருக்கும் வலுச் சேர்க்கிறது. சிகாகோ நகரின் கைத்துப்பாக்கித் தடையை எதிர்த்து 2010-இல் உச்ச நீதிமன்றத்தில் வென்ற ஓட்டிஸ் மெக்டொனால்ட், தம் வீட்டில் திருடர்கள் மீண்டும் மீண்டும் புகுந்ததால் வழக்குத் தொடுத்த முதிய கறுப்பினத்தவர். ஆயுதமற்ற மக்கள் வெள்ளை வெறியர்களிடம் பட்ட பாட்டை நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் அந்தத் தீர்ப்பில் விரிவாக எழுதியிருக்கிறார். எனவே துப்பாக்கி உரிமை பேசுபவர் எல்லாரும் இனவெறியர் என்று நம்மவர் சிலர் பேசுவது உண்மைக்குப் புறம்பானது. உரிமையைப் பற்றிப் பேசும் குரல், அந்த உரிமை கறுப்பினத்தவர் ஒருவருக்கு மறுக்கப்படும்போது எங்கே போகிறது என்பதே நான் கேட்க விரும்புவது.

பிலாண்டோ காஸ்டில் வழக்கை இதற்காகவே நான் அடிக்கடி எடுத்துக்காட்டுகிறேன். மினசோட்டாவில் பள்ளி உணவுக்கூடத்தில் மேற்பார்வையாளராக இருந்த அவருக்கு வயது 32. துப்பாக்கி எடுத்துச் செல்ல முறையான அனுமதி பெற்றிருந்தார். 2016 ஜூலை 6 அன்று அவருடைய காரை நிறுத்த முடிவு செய்த காவல் அதிகாரி, ஓட்டுநரின் அகன்ற மூக்கு கொள்ளை வழக்கு ஒன்றில் தேடப்படுபவரைப் போல இருக்கிறது என்று காவல்துறையின் கம்பியில்லாக் கருவியில் சொன்னார். காஸ்டிலிடம் சொல்லப்பட்ட காரணம் எரியாத பின்விளக்கு. அவர் காப்பீட்டுச் சீட்டைக் கொடுத்துவிட்டு, "ஐயா, என்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டும்" என்று நிதானமாகவே சொன்னார். அதிகாரி கேட்டால் மட்டும் சொன்னால் போதும் என்பதே மினசோட்டாச் சட்டம். சட்டம் கேட்காததையும் அவர் தாமாக முன்வந்து சொன்னார். சில நொடிகளில் அதிகாரி ஏழு முறை சுட்டார்; காஸ்டில் உயிரிழந்தார். பின் இருக்கையில் நான்கு வயதுக் குழந்தை இருந்தது. அருகில் இருந்த துணைவி பேஸ்புக்கில் நேரலையாகப் பேசியபடியே, தம்மை நோக்கித் துப்பாக்கியை நீட்டிக்கொண்டிருந்த அதிகாரியை அப்போதும் "ஐயா" என்றே விளித்தார். அந்த அதிகாரியை 2017 ஜூனில் நடுவர் குழு விடுவித்தது. சம்பவத்துக்கு இரண்டு நாள் கழித்துத் தேசியத் துப்பாக்கிச் சங்கம் வெளியிட்ட சுருக்கமான அறிக்கையில் காஸ்டிலின் பெயரே இல்லை.

பணிவாகப் பேசு, கையை மறைக்காதே, சட்டப்படி நட என்றுதான் நம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். நானும் அதையே சொல்கிறேன். வேறென்ன சொல்ல முடியும்? ஆயினும் கண்ணியத்தைக் குறைவாகப் பெற்றவரிடமே அதை மிகுதியாக எதிர்பார்ப்பது அமெரிக்கப் பொதுவாழ்வின் வழக்கமாகிவிட்டது என்பதைக் காணாமல் இருக்க முடியவில்லை.

அந்த எதிர்பார்ப்பு விசாவில் இருப்போரை இப்போது இன்னொரு வகையிலும் தொடுகிறது. 2025 செப்டம்பர் 10 அன்று துப்பாக்கி உரிமையின் முன்னணிப் பேச்சாளர்களில் ஒருவரான சார்லி கர்க், யூட்டா மாநிலத்தில் உள்ள யூட்டா வேலி பல்கலைக்கழக வளாகத்தில், பெருந்திரள் துப்பாக்கிச் சூடுகளைப் பற்றிய கேள்விக்கு விடையளித்துக்கொண்டிருந்தபோதே சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டாம் திருத்தத்தைக் காக்க ஆண்டுதோறும் சில உயிரிழப்புகளை விலையாக ஏற்கலாம் என்று 2023-இல் அவர் பேசியதைச் சுட்டி, அந்தச் சாவைக் கேலி செய்தவர்கள் உண்டு. அது மனிதப் பண்பே அல்ல. ஆனால் அவர் கருத்துகளை மறுத்து எழுதியவர்களும் கேலி செய்தவர்களோடு சேர்த்து எண்ணப்பட்டு வேலை இழந்ததாகச் செய்திகள் வந்தன. அக்டோபரில் அமெரிக்க வெளியுறவுத் துறை, இக்கொலை குறித்த பதிவுகளுக்காக ஆறு வெளிநாட்டவரின் விசாக்களை ரத்து செய்ததாக அறிவித்தது. பேச்சுரிமையின் எல்லை பற்றிய வழக்குகள் நீதிமன்றங்களில் நெடுங்காலம் நடக்கும். உங்கள் விசா அவ்வளவு காலம் காத்திராது. எனவே என்னிடம் வருவோரிடம், இறந்தவரை இகழாதீர்கள், இனவெறியை இனவெறி என்று சொல்லத் தயங்காதீர்கள், இரண்டையும் நடந்த செய்தியை மேற்கோள் காட்டியே எழுதுங்கள் என்கிறேன்.

துப்பாக்கி வாங்கும் உரிமை பெற்றவர்களிடம் ஒரு கணக்கையும் காட்டுவேன். 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,000-க்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்கள். வீட்டில் பதின்வயதுப் பிள்ளையோ மனச்சோர்வில் இருப்பவரோ இருந்தால், வாசலில் வரும் அந்நியரை விட அலமாரியில் இருக்கும் ஆயுதத்தைப் பற்றியே முதலில் யோசிக்க வேண்டும். பிள்ளை நண்பர் வீட்டுக்கு விளையாடப் போகும்போது, ஒவ்வாமை, நாய் ஆகியவற்றைப் பற்றிக் கேட்பது போலவே, "உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறீர்களா?" என்று அந்தப் பெற்றோரிடம் கேட்டுவிடலாம். துப்பாக்கி வைத்திருக்கும் பொறுப்பான பெற்றோர் இதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை; அவர்களில் பலர் பெட்டகத்தையே திறந்து காட்டிவிடுகிறார்கள். விசாவில் இருப்பவர் அதைப் பார்ப்பதில் தவறில்லை, கையில் எடுத்துப் பார்க்க வேண்டாம்.