விளக்கை எடு, வடக்கே போ

‘கரடிக் குகை வாசலில் நிற்கிறாய். தரையில் ஓர் அரிக்கேன் விளக்கு. வடக்கே இருட்டு.’ திரையில் இவ்வளவுதான். படமும் இல்லை, பாட்டும் இல்லை. கீழே ‘விளக்கை எடு’ என்று தட்டினால் ‘எடுத்தாயிற்று’ என்று பதில் வரும். ‘வடக்கே போ’ என்றால் குகைக்குள் போய்விடுவீர்கள்.

கரடிக் குகை ஏற்காட்டில் இருப்பது. விளையாட்டு மட்டும் இந்தக் கட்டுரைக்காக நான் வைத்துக்கொண்ட உதாரணம். ஆனால் எழுத்து விளையாட்டு என்ற வகையே ஒரு நிஜக் குகையிலிருந்து வந்ததுதான். அமெரிக்காவின் கென்டக்கியில் மாமத் குகைக்குள் இறங்கி வரைபடம் தயாரித்தவர்களில் ஒருவர் வில் க்ரௌதர் என்ற நிரலாளர். 1970களின் நடுவில் அந்தக் குகையை அவர் வெறும் சொற்களால் கணினியில் கட்டினார். 1977இல் டான் வுட்ஸ் அதை விரிவாக்கினார்.

உள்ளே நடப்பதைப் பார்ப்போம். கணினிக்கு விளக்கும் தெரியாது, குகையும் தெரியாது. அதனிடம் இருப்பது ஒரு மரம்: எந்தப் பொருள் எதற்குள் இருக்கிறது என்ற பட்டியல். விளக்கின் ‘தாய்’ குகை வாசல். ஆட்டக்காரரின் தாயும் அதுவே. ‘எடு’ என்றதும் விளக்கின் தாய் என்ற இடத்தில் வாசலை நீக்கி ஆட்டக்காரரை எழுதுகிறது. இனி அவர் எங்கே போனாலும் விளக்கும் கூடவே போகும். அதைத் தனியாக நகர்த்தத் தேவையில்லை. குகை இருட்டா என்பதற்கும் இதே மரம்தான் பதில். அங்கே எட்டும் இடத்தில் எரியும் பொருள் ஏதாவது உண்டா என்று தேடும். இல்லையென்றால் ‘ஒன்றும் தெரியவில்லை’ என்று எழுதிவிடும். எத்தனை அழகான சிக்கனம்!

இன்னொரு பாதி, நாம் தட்டுவதைப் புரிந்துகொள்வது. ஆங்கில விளையாட்டுகள் சொல் வரிசையை நம்பியிருக்கின்றன. தமிழுக்கு வேற்றுமை உருபே போதும். ‘விளக்கைப் பெட்டிக்குள் வை’ என்றாலும் ‘பெட்டிக்குள் விளக்கை வை’ என்றாலும் எதை, எங்கே என்பதில் குழப்பமே வராது. சிக்கல் வேறு இடத்தில். ‘மரத்தை’ என்பதில் ‘ஐ’ உருபை வெட்டினால் ‘மரம்’ கிடைக்காது. ‘வீட்டை’, ‘ஆற்றை’ எல்லாம் அப்படித்தான். ஒவ்வொரு பொருளுக்கும் மரத்து, வீட்டு, ஆற்று என்ற திரிந்த வடிவத்தையும் அகராதியில் சேர்த்துவிட்டால் பெரும்பாலும் தீர்ந்தது. ‘வெளக்க எடு’ என்று தட்டுகிறவரையும் ஏற்க வேண்டும். சேலத்துக்காரர் அப்படித்தான் தட்டுவார்.

1980களில் இன்ஃபோகாம் போன்ற நிறுவனங்கள் இவற்றை விற்றன. படங்கள் வந்ததும் அந்தச் சந்தை படுத்தது. வகை சாகாமல் காத்தவர்கள் அமெச்சூர்கள். 1993இல் கிரஹாம் நெல்சன் இத்தகைய விளையாட்டுகளை எழுத உதவும் ‘இன்ஃபார்ம்’ என்ற கருவியை இலவசமாகத் தந்தார். 1995இல் கெவின் வில்சன் குறும் விளையாட்டுகளுக்கு ஒரு போட்டியைத் தொடங்கினார். முதல் ஆண்டு வந்தவை 12. ஐஎஃப்காம்ப் என்று அழைக்கப்படும் அது இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது.

நடுவர்கள் பொதுமக்களே. குறைந்தது ஐந்து விளையாட்டுகளுக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் தர வேண்டும். முக்கியமான விதி, இரண்டு மணி நேரத்துக்குள் ஆடியதை வைத்தே மதிப்பெண். வாரக்கணக்கில் மண்டையைக் குடையும் புதிர்களுக்கு அங்கே இடம் குறைந்தது. 1998இல் வென்ற ஆடம் கேட்ரியின் ‘ஃபோட்டோபியா’வில் புதிரே ஏறக்குறைய இல்லை, கதைதான். கால வரம்பு ஒரு கலையின் வடிவத்தையே மாற்றியது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த பரிசு அங்கே தரும் ‘தங்க வாழைப்பழம்’. அது திட்டவிலக்கம், அதாவது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு, மிக அதிகமுள்ள விளையாட்டுக்கு. 5, 6, 5, 6 என்றாலும் 1, 10, 1, 10 என்றாலும் சராசரி 5.5தான். இரண்டாவது, பாதிப் பேர் கொண்டாடி மீதிப் பேர் வெறுத்த படைப்பு. அதற்கும் ஒரு மரியாதை.

இங்கே தொடங்க என்ன வேண்டும்? 2009இல் வந்த ‘ட்வைன்’ என்ற விளையாட்டு எழுதும் கருவி இலவசம். ஆட்டக்காரர் தட்டாமல் இணைப்புகளைச் சொடுக்குவதால் தமிழில் இன்றே எழுதலாம். ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளும் 20 இடங்களாகும். உருபைப் பிரித்தறியும் தமிழ் நிரல்தான் பெரிய வேலை. சேலத்துக் கல்லூரி ஒன்றில் கணினி மாணவர் இருவரும் தமிழ் மாணவர் ஒருவரும் சேர்ந்தால் அது இறுதியாண்டு புராஜெக்ட்டுக்குப் பொருத்தமான அளவு.