மூக்கடைப்புக்கு ஒரு செட்டு மாத்திரை

ஐப்பசியில் வாடை திரும்பிவிட்டால் எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கம் வீட்டுக்கு ஒரு மூக்கு அடைத்திருக்கும். மருந்துக்கடைக்காரன் எனக்கு அது தெரியும்.

போன வாடையில் மீன் விற்றுவிட்டு ஒரு பெரியம்மா கூடையோடு வந்தார். சுருக்குப் பையிலிருந்து பாதி வெட்டிய அட்டையை எடுத்து நீட்டினார். "தம்பி, மருமகளுக்கு மூக்கடைப்பு. இதே செட்டு குடு. அப்படியே ஒரு பால்பவுடர் டப்பாவும் வையி, பிள்ளைக்குப் பால் பத்தல."

பிள்ளைக்கு இரண்டு மாதம். அட்டையில் பெயர் இருந்த பக்கம் வெட்டுப்பட்டிருந்தது. பின்பக்கம் சூடோஎபிட்ரின் 60 மில்லிகிராம் என்று பொடி எழுத்தில் தெரிந்தது. வெட்டிக் கொடுத்தது வேறு கடை. குறை சொல்ல மாட்டேன், நானும் அப்படி வெட்டிக் கொடுத்தவன்தான்.

மூக்குக்குள் வீங்கிய ரத்தக் குழாய்களைச் சுருக்குவதுதான் இந்த மருந்தின் வேலை. விழுங்கினால் மூக்கோடு நிற்காது, உடம்பெல்லாம் போகும், பிரஷரையும் ஏற்றும். பால் கொடுப்பவர்களுக்குச் சுரப்பைக் குறைக்கும். 2003-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், 60 மில்லிகிராம் ஒரே ஒரு தடவை எடுத்த தாய்மாருக்கு அன்றைய பால் சராசரியாக 24 சதவீதம் குறைந்தது. எட்டே பேரை வைத்துச் செய்த ஆய்வுதான். இந்த மருமகளுக்கும் மாத்திரைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் மாத்திரையையும் பால்பவுடரையும் ஒரே பையில் போட்டுக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

கர்ப்பிணிகள் முதல் மூன்று மாதம் இதைத் தொடவே வேண்டாம். குழந்தையின் வயிற்றுச் சுவர் சரியாக மூடாமல் போகும் அரிய குறையோடு சில ஆய்வுகள் இதைத் தொடர்புபடுத்துகின்றன. பிரஷர் உள்ளவர்களுக்கு எந்த மாதத்திலும் கூடாது. பல சளி மாத்திரைகளில் இதற்குப் பதிலாக இருப்பது ஃபினைலெஃப்ரின் என்கிற இன்னொரு மூக்கடைப்பு மருந்து. அதை வாயால் விழுங்கினால் மூக்கடைப்புக்குப் பலனில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் நிபுணர் குழு 2023-லேயே சொல்லிவிட்டது. அப்புறம் அதை எதற்கு வயிற்றுப் பிள்ளையோடு விழுங்குவது?

இன்னொன்று, கர்ப்பத்தில் மூக்கு அடைப்பதெல்லாம் சளி இல்லை. ஹார்மோன் மாற்றத்தாலேயே சிலருக்கு வாரக்கணக்கில் அடைக்கும். பிரசவமாகி இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் தானே போய்விடும்.

பெரியம்மாவிடம் சலைன் சொட்டு மருந்தைக் கொடுத்து, பிள்ளையை அடிக்கடி மார்பில் போடச் சொல்லுங்கள், நர்ஸம்மாவிடமும் ஒரு தடவை காட்டுங்கள் என்றேன். பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உப்புத் தண்ணிக்கா காசு? நம்ம வாசல்லயே கடல் கெடக்கு!"

கடல்தண்ணீர் வேண்டாம், அதில் உப்பு பல மடங்கு, அழுக்கு வேறு. வீட்டிலேயே செய்வதானால் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, கால் டீஸ்பூன் உப்புப் போட்டு ஆறவிடுங்கள். அன்றன்றைக்குப் புதிதாகச் செய்யுங்கள். அப்படியும் தூங்க முடியவில்லை என்றால் மூக்கில் விடும் சைலோமெட்டாசோலின் உண்டு. மாத்திரை அளவுக்கு ரத்தத்தில் கலக்காது. ஆனால் டாக்டரைக் கேட்டு, மூன்று நாள்தான். அதற்கு மேல் போனால் மருந்தே மூக்கை அடைக்கும். காய்ச்சலோ மூச்சுத்திணறலோ இருந்தால் என் கடைக்கு வராதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.