ராப் பர்ரோவுக்கு என்ன ஆச்சு? மோட்டார் நியூரான் நோய் உள்ளுக்குள்ள எப்படி வேலை செய்யுது?

வடக்கு இங்கிலாந்துல ரக்பி லீக்னா உயிர விடுவாங்க. டீமுக்கு 13 பேர், நிறைய பேரு நூறு கிலோவ தொடுற ஆளுங்க, அந்தக் கூட்டத்துக்கு நடுவுல 5 அடி 5 அங்குலத்துல ராப் பர்ரோ. 2001-லேர்ந்து 2017 வரைக்கும் லீட்ஸ் ரைனோஸ்ங்குற ஒரே டீமுக்கு 492 மேட்ச், அங்க நடக்குற பெரிய போட்டியான சூப்பர் லீக்ல 8 தடவ சாம்பியன். 2011 சூப்பர் லீக் இறுதிப் போட்டில (கிராண்ட் ஃபைனல்) செயின்ட் ஹெலன்ஸுக்கு எதிரா பாதி கிரவுண்டுகிட்ட பந்த எடுத்து, புடிக்க வந்தவங்க கைக்கு அடியில குனிஞ்சு நுழைஞ்சு, சட்டுனு பக்கவாட்டுல ஒதுங்கி ஒரு சைடு ஸ்டெப் போட்டு, ஓடிப்போய் எதிரணி கோட்டுக்கு அந்தப்பக்கம் பந்த வச்சு எடுத்த டிரை (அதுதான் ரக்பில பாயிண்ட்) இருக்கே, பாக்காதவங்க தேடிப் பாருங்க ப்ளீஸ்.

ரிட்டயர் ஆகி ரெண்டே வருஷம். பேச்சு லேசா குழற ஆரம்பிச்சுது, 2019 டிசம்பர்ல மோட்டார் நியூரான் நோய்னு சொல்லிட்டாங்க, அப்ப வயசு 37. ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு இருந்ததும் இதேதான்.

அந்த சைடு ஸ்டெப் எப்படி நடக்குதுன்னு பாத்தா இந்த நோய் புரியும். மூளைல மோட்டார் கார்டெக்ஸ்னு ஒரு பகுதி, அங்க இருக்குற நியூரான், அதாவது நரம்பு செல், முதுகுத்தண்டு வரைக்கும் சிக்னல் அனுப்புது, அங்கேர்ந்து இன்னொரு நியூரான் அத வாங்கி நேரா தசைக்குக் கொண்டு போகுது. இந்த ரெண்டாவது நியூரானோட உடல் கண்ணுக்கே தெரியாத சைஸ், ஆனா அதுலேர்ந்து பாதம் வரைக்கும் போற ஆக்ஸான்ங்குற நீட்டு இழை கிட்டத்தட்ட 1 மீட்டர் நீளம். அவ்ளோ தூரத்துக்கும் தேவையான புரதத்த அந்தக் குட்டி செல்லுதான் செஞ்சு அனுப்பணும். வாழ்நாள் பூரா ஓயாத வேலை.

நோய் வந்தா இந்த ரெண்டு வகை நியூரானும் சாகுது. கிட்டத்தட்ட எல்லா நோயாளிகள்கிட்டயும் டிடிபி-43ங்குற புரதம் செல்லோட உட்கருவான நியூக்ளியஸ விட்டு வெளிய வந்து கட்டி கட்டியா சேர்ந்து கெடக்குது, இத 2006-ல கண்டுபிடிச்சாங்க. அது ஏன் ஆரம்பிக்குதுங்குறதுதான் பெரும்பாலான கேஸ்ல விடை கெடைக்கல. ரக்பில அடிபடுறதாலயான்னு எல்லாரும் கேக்குறாங்க, அது உறுதியா நிரூபணம் ஆகல, அதனால ஆட்டத்து மேல பழி போட எனக்கு மனசில்ல.

எனக்கு ரொம்ப வேதனையா இருக்குற விஷயம் ஒண்ணு இருக்கு. ஒரு நியூரான் செத்தா அதோட தசை நார்கள் அநாதையா நிக்கும்ல, பக்கத்துல உயிரோட இருக்குற நியூரான் புதுசா கிளை விட்டு அந்த நார்களயும் தத்தெடுத்துக்கும். உடம்பு நம்மள காப்பாத்தத்தான் அப்படி செய்யுது, ஆனா அதனாலயே நிறைய நியூரான் போன பிறகும் வெளிய ஒண்ணும் தெரியாது, தத்தெடுத்த நியூரானும் சாகும்போதுதான் பலவீனம் கண்ணுக்குத் தெரியும், டாக்டர்கிட்ட போறதுக்குள்ள ரொம்ப லேட் ஆயிடும்.

ஆனா கண்ண அசைக்குற நியூரான்கள் மட்டும் பெரும்பாலும் கடைசி வரைக்கும் தாக்குப்பிடிக்கும். பர்ரோவுக்கு நடை போச்சு, பேச்சு போச்சு, கண்ணு நின்னுச்சு. ஸ்கிரீன்ல இருக்குற கருவி அகச்சிவப்பு ஒளிய கண்ணுல அடிக்கும், கருவிழில அது பளிச்சுனு பிரதிபலிக்குற எடத்தயும் அதுக்கு நடுவுல இருக்குற கண் பாப்பாவோட எடத்தயும் கேமரா ஒப்பிட்டு எந்த எழுத்த பாக்குறார்னு கணக்குப் போடும். எழுத்து மேல கொஞ்ச நேரம் பார்வைய நிறுத்துனா செலக்ட் ஆயிடும். அப்படி எழுதுனத, அவரோட பழைய பதிவுகள வச்சு உருவாக்குன குரல்லயே கம்ப்யூட்டர் பேசுச்சு, யார்க்‌ஷயர்ங்குற அவர் ஊர்ப்பக்க உச்சரிப்போட.

2024 ஜூன் 2-ல 41 வயசுல இறந்துட்டார். அவரோட பழைய கேப்டன் கெவின் சின்ஃபீல்ட் 2020-ல 7 நாள்ல 7 மாரத்தான் ஓடி நிதி சேத்தார், அதுக்கப்புறமும் ஓடிக்கிட்டே இருந்தார். மருந்துன்னு பாத்தா ரிலுசோல் சில மாசம் ஆயுள நீட்டும், அவ்ளோதான். எஸ்ஓடி1ங்குற மரபணுல கோளாறு இருக்குறவங்களுக்கு மட்டும் டோஃபெர்சன்னு ஒரு ஊசிய 2023-ல அமெரிக்கால அனுமதிச்சாங்க, தப்பான புரதம் உருவாகுறதுக்கு முன்னாடியே அத செய்யச் சொல்ற குறிப்பக் கொண்டு போற ஆர்என்ஏவ அழிக்குற மருந்து அது, முதுகுத்தண்டு திரவத்துல போடுவாங்க. அந்தக் கோளாறு உள்ளவங்க நோயாளிகள்ல ரொம்பக் கொஞ்சம் பேர்தான், மத்தவங்களுக்கான ஆராய்ச்சி ஓடிக்கிட்டு இருக்கு.