ஆறாயிரத்தில் அதிரும் ஹேண்டில்

மோட்டார் சைக்கிளில் கினிகத்தேனையில் ஏறத் தொடங்கி ஹட்டனில் போய் இறங்கினால், ஹெல்மெட் பட்டியைக் கழற்ற மரத்துப்போன விரல் ஒத்துழைக்காது. "குளிருக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டு தேத்தண்ணிக் கடைக்குள் நுழைந்துவிடுவோம். குளிருக்கும் பங்கு உண்டு. ஆனால் வேலையைத் தொடக்கி வைப்பது எஞ்சினின் அதிர்வு. அதை முற்றவிடுவது நாம் ஹேண்டிலைப் பிடிக்கும் பிடி.

நம் பாதைகளில் ஓடும் மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலும் ஒற்றை சிலிண்டர். 150 சிசி எஞ்சினில் பிஸ்டன் சுமார் ஐந்தரை சென்ரிமீற்றர் தூரம் மேலும் கீழும் ஓடுகிறது. நிமிடத்துக்கு 6000 சுற்று என்றால் செக்கனுக்கு 100 தடவை. ஒவ்வொரு தடவையும் உச்சியில் நின்று திரும்ப வேண்டும், அடியிலும் நின்று திரும்ப வேண்டும். உச்சித் திருப்பத்தில் அதன் ஆர்முடுகல் புவியீர்ப்பைப் போல ஆயிரம் மடங்கைத் தாண்டிவிடும். பிஸ்டனும் அதைச் சேர்ந்தவையும் 150 கிராம்தான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் 150 கிலோவுக்கு மேற்பட்ட பாரம் எஞ்சினை மாறி மாறி இழுப்பதற்குச் சமம். சுற்று இரட்டித்தால் இந்த விசை நான்கு மடங்காகும்.

இதைச் சமாளிக்க, பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்கில் எதிர்ப்பாரம் வைத்திருக்கிறார்கள். முழுவதையும் சமன் செய்யப் போனால் மேல்கீழ் அதிர்வு முன்பின் அதிர்வாக மாறுமே தவிர ஒழியாது. அதனால் ஏறக்குறைய பாதியோடு நிறுத்திக்கொள்வார்கள். மீதியை அடக்க, கிராங்குக்கு எதிர்த் திசையில் அதே வேகத்தில் சுழலும் பாலன்சர் தண்டு சில எஞ்சின்களில் உண்டு. எல்லாவற்றிலும் இல்லை.

மலை இதைக் கூட்டிவிடுகிறது. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சிலிண்டருக்குள் போகும் காற்று குறைந்தால் இழுவையும் குறையும். அவிசாவளைப் பக்கம் மூன்றாம் கியரில் ஏறக்கூடிய சரிவுக்கு இங்கே இரண்டாம் கியர் கேட்கும், சுற்றும் ஏறும். இறக்கத்தில் இன்னும் மோசம். எஞ்சினைப் பிரேக்காகப் பாவித்து அதிக சுற்றில் இறங்கும்போது, உடம்பின் பாரமும் உள்ளங்கை மேல் சாய்ந்துவிடும்.

சரி, எல்லாச் சுற்றிலும் ஏன் ஒரே மாதிரி அதிர்வதில்லை? பழைய பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்: குறிப்பிட்ட ஒரு வேகத்தில் கண்ணாடி கடகடவென்று அடித்துக்கொள்ளும், கொஞ்சம் வேகம் கூடியதும் அடங்கிவிடும். ஹேண்டிலும் அப்படித்தான். நடுவில் இறுக்கி, இரு முனையும் விடப்பட்ட குழாய் அது. அதற்கென்று ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. எஞ்சினின் துடிப்பு அதோடு ஒத்துப்போகும் சுற்றில் சிறிய அதிர்வும் பெரிதாகிவிடும். பரிவு என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இதைத்தான்.

எனவே அதிர்வைக் குறைக்கக் காசு செலவழிக்கும் முன் அந்தச் சுற்றைக் கண்டுபிடியுங்கள். பைக்கை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில், ஆக்சிலேட்டரை மெதுவாகத் திருப்புங்கள். ஹேண்டில் முனையை இரண்டு விரலால் லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால் ஓர் இடத்தில் 'விர்'ரென்று ஏறி, பிறகு தணிவது தெரியும். அப்புறம் ஆளில்லாத சமதரையில் ஓட்டிப் பாருங்கள் (மலையகத்தில் சமதரை தேடுவதே தனி வேலை). கிளட்சைப் பிடித்து எஞ்சினை ஐட்லுக்கு விட்டதும் அதிர்வு நின்றால் எஞ்சின்தான் காரணம். நிற்காவிட்டால் டயர், ரிம், பேரிங் பக்கம் பார்க்க வேண்டும்.

கைக்குள் நடப்பது வேறு கதை. தோலுக்கு அடியில் அதிர்வை உணரும் பசீனியன் உறுப்புகள் செக்கனுக்கு 200 முதல் 300 வரையான அதிர்வில் மிகக் கூர்மையாக இருக்கும். பிஸ்டனின் இணைப்புத் தண்டு சாய்ந்து ஆடுவதால் எஞ்சினில் இரு மடங்கு வேகத்திலும் ஓர் அதிர்வு பிறக்கிறது. 6000 சுற்றில் அது 200, சரியாக அந்த எல்லைக்குள். நீண்ட நேரம் இப்படி அதிர்ந்தால் உணர்வு மழுங்கும். மழுங்கிய கை எவ்வளவு இறுக்குகிறோம் என்று அறியாமல் இன்னும் இறுக்கும். இறுக்க இறுக்க அதிர்வு இன்னும் நன்றாக ஏறும். குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்கி இதற்கு உதவி செய்கிறது.

எந்த விரல் மரக்கிறது என்று கவனியுங்கள். சுண்டு விரலும் மோதிர விரலும் என்றால், உள்ளங்கையின் வெளி ஓரம் பிடியில் அழுந்தி அங்குள்ள நரம்பை நெருக்குகிறது. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் என்றால் மணிக்கட்டு மடங்கியிருக்கிறது. பிரேக், கிளட்ச் லீவர்களைக் கொஞ்சம் கீழே சாய்த்து, முன்கையும் மணிக்கட்டும் ஒரே கோட்டில் வருமாறு வைத்தால் இது பெரும்பாலும் தணியும். செலவே இல்லாத வேலை, ஆனாலும் கராஜில் இதைக் கேட்கிறவர்கள் குறைவு.

அதிர்வைக் குறைக்க ஹேண்டில் முனையில் பாரம் மாட்டுவது நல்ல வழிதான், ஏனென்றால் அது ஹேண்டிலின் இயல்பு அதிர்வெண்ணைக் கீழே இறக்குகிறது. சிக்கல் அங்கேதான். 6600 சுற்றில் இருந்த அதிர்வு 5000க்கு இறங்கி, நீங்கள் தினமும் ஏறும் சுற்றிலேயே வந்து நிற்கவும் கூடும். நெடுஞ்சாலையில் ஓட்டுபவர் சொன்ன பாரம் உங்களுக்குப் பொருந்த வேண்டியதில்லை. எஞ்சினைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளும் ஹேண்டில் தாங்கியின் இறப்பர் புஷ்களும் பழையதா என்று முதலில் பாருங்கள். காய்ந்து இறுகிய இறப்பர் அதிர்வை அப்படியே கடத்தும். தடித்த நுரைப் பிடி எனக்குப் பிடிக்காது, பிடிக்கவே கூடுதல் பலம் வேண்டும். ஜெல் கையுறை குறைந்த அதிர்வெண்ணில் பெரிதாக உதவாது. ஆனால் கையைச் சூடாக வைத்திருக்கும், அந்த ஒன்றுக்காகவே போடலாம். நனைந்த பருத்திக் கையுறை கையைக் குளிர்வித்துவிடும். இறக்கத்தில் முழங்காலால் டேங்கை இறுக்கினால் உள்ளங்கையின் பாரம் உடனே குறையும்.

1918இல் அமெரிக்காவின் இந்தியானாவில், காற்றழுத்த உளியால் சுண்ணாம்புக்கல் செதுக்கியவர்களின் விரல்கள் குளிரில் வெளுத்துப்போவதை அலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் ஆராய்ந்தார். பைக்கில் போய்வருவதால் மட்டும் அந்த அளவுக்குப் போவது அரிது. ஆனால் பகலில் தோட்டத்தில் புல்வெட்டும் மெஷின் பிடித்து, மாலையில் பைக்கில் வீடு திரும்புகிறவருக்கு இரண்டு அதிர்வும் ஒரே கையில் சேர்கிறது. இரவில் விரல் மரத்துத் தூக்கம் கலைந்தாலோ, குளிரில் நுனி வெளுத்தாலோ, வைத்தியரிடம் பைக்கை மட்டும் சொல்லாமல் மெஷினையும் சேர்த்துச் சொல்லுங்கள்.